மூன்றாவது கந்தரப்பம்

பள்ளத்தூரில் கல்யாணம்.
மணி ஒன்று, இரண்டாம் பந்தி.
கவுனி அரிசி வாளியோடு வரிசையில் திரும்புகிறேன்,
நாலாவது இலையில் உட்கார்ந்திருக்கிறான்
வயிரவன்.
தேவகோட்டை அணியின் ஒன்பதாம் நம்பர்.
நாலரை மணிக்கு
அவனைத்தான் நான் பிடித்து நிறுத்த வேண்டும்.

அவனுக்கு என்னைத் தெரியவில்லை.
வலைத்தொப்பி, கையுறை, கேட்டரிங் சட்டை.
போன வருடம் தொண்ணூறு நிமிடமும்
நான் பார்த்தது அவன் முதுகு,
அவன் பார்த்தது கோல்.

மாப்பிள்ளைக்குத் தம்பி முறை போல.
பாதியில் எழ முடியாத இடம்.
"போதும்ணே" என்று இலைமேல் கை விரித்தான்.
இந்தப் பக்கத்தில்
இலைமேல் விரிந்த கை ஒரு பேச்சுக்கு.
விரலிடுக்கில் விழும்படி வைப்பதுதான்
எனக்குக் கூலி கொடுக்கும் தொழில்.

வைத்தேன்.
மண்டி, கோசுமல்லி, உருளை, மறுபடி சோறு,
சோற்றில் குழி, குழியில் நெய்.
முதல் கந்தரப்பம் மரியாதைக்கு.
இரண்டாவது, பெண்ணின் அத்தை பார்த்துக்கொண்டிருந்தார்
என்பதற்காக.
மூன்றாவது
எனக்காக.

சிங்காரம் அண்ணன் முதுகில் தட்டினார்:
"இப்படிப் பரிமாறணும்டா."

காலை ஐந்து மணிக்கு ஒரு டீ, இரண்டு பொறை.
அதற்குப் பிறகு என் பசியைக் கவனிக்க
எனக்கு ஆள் இல்லை.
பஸ்ஸில் கோட்டையூர் தாண்டும்போது
ரியாஸ் நீட்டிய வாழைப்பழத்தில் பாதி.
மீதிப் பாதி அவனுக்கு.
நாள் முழுக்க மோந்த மணத்தில்
வயிறு நிறைந்த மாதிரிதான் இருந்தது.
தொடைக்கு மூக்கு கிடையாது.

காரைக்குடிச் செம்மண், கண்ணுக்கு நேரே வெயில்.
பத்து நிமிடம் அவன் பழைய வயிரவன்.
பிறகு ஒரு நீளப் பந்து வந்தது,
ஓட எடுத்தான்,
கை விலாவுக்குப் போனது.

ரத்தம் பாவம்.
ஒரே நேரத்தில் இரண்டு பந்தியில் உட்கார
அதற்குத் தெரியாது.
உள்ளே வெல்லத்தோடும் உளுந்தோடும்
அது மல்லுக்கட்டிக்கொண்டிருக்க,
கால்கள்
வெறும் இலை முன்னால் காத்திருந்தன.

முதல் முறையாக அவன் முகத்தைப் பார்த்தேன்.
இருபது வயதுகூட இருக்காது.

இடைவேளையில் கொடிக்குப் பின்னால் குனிந்தான்.
எட்ட நின்றே எனக்கு நிறம் தெரிந்தது.
கறுஞ்சிவப்பு.
எங்கள் ஆட்கள் விசிலடித்தார்கள்.
நான் கையை ஜெர்சியில் துடைத்தேன்,
நெய் வாசம் போகவில்லை.

எழுபத்தொன்றாவது நிமிடம்
என் முறை.
வலது கெண்டைச் சதை
கல்லாய்ச் சுருண்டு ஏறியது.
உடம்பின் உப்பையெல்லாம்
அடுப்படியில், அந்தச் சட்டையில்
விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.
விழுந்தேன்.
பந்து எங்கள் இருவரையும் கடந்து
மெதுவாக, மிக மெதுவாக
கோட்டைத் தாண்டிப் போனது.
துரத்த ஒருவருக்கும் ஆகவில்லை.

பக்கத்தில் இருந்தது அவன்தான்.
மண்டியிட்டான், என் குதிகாலை மடியில் ஏந்தி
விரல்களைப் பின்னுக்கு வளைத்து அழுத்தினான்.
ஏலக்காய் மணக்க ஓர் ஏப்பம்.
"மன்னிச்சிக்கங்க, கல்யாண வீட்டுச் சாப்பாடு."
வலி இறங்கும்வரை பேச ஏதாவது வேண்டுமே,
எல்லாரும் கேட்பதைக் கேட்டான்:
"நீங்க சாப்பிட்டாச்சா?"

இல்லை என்றால் ஏன் என்பான்.
"ம்" என்றேன்.

பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.
பெனால்டியில் அவர்கள் ஜெயித்தார்கள்.
வயிரவன் அடித்தது மட்டும்
கம்பத்துக்கு மேலே போய்க் கருவேல முள்ளில் செருகியது.
நொண்டியபடி எடுத்து வந்தது நான்.
காற்று இறங்கிப் போயிருந்தது.

இரவு ஒன்பதரை,
பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது.
சிங்காரம் அண்ணன் மிச்சத்தைப் பொட்டலம் கட்டித் தந்தார்.
கந்தரப்பம். எத்தனை என்று எண்ணவில்லை.
எந்த ஓட்டத்துக்கும் உதவாத அந்தச் சர்க்கரையை
அண்டாவில் சாய்ந்து நின்றபடியே தின்றேன்,
போதுமா என்று யாராவது
கேட்டுவிடப்போகிறார்கள் என்பதுபோல.